குண்டாஸ் போட்டது கலெக்டர், அதிகாரம் கொடுத்தது யார்?

மகனுக்கு அடிதடி வழக்கில் பெயில் கிடைத்துவிட்டது. ஜெயில் வாசலில் காத்திருந்த அம்மாவிடம், "உங்க பையன் மேல குண்டாஸ் பாஞ்சிருக்கும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வந்த உறவினர், "ஜட்ஜ் விட்ட ஆளை கலெக்டர் எப்படி சார் பிடிச்சு வைக்கலாம்?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். இப்படி அடைத்து வைத்தவரை விடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிற எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் இதே கதைதான். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்க வேண்டிய இடத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டத்தைக் கலெக்டரோ கமிஷனரோ கண்டுபிடிக்கவில்லை. 1982ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய 14ஆம் எண் சட்டம் இது. சாராய வியாபாரி, போதைப்பொருள் கும்பல், குண்டர் என்று ஆரம்பித்தது. மணல் திருட்டு, திருட்டு வீடியோ, சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் வளர்ந்தது. 12 மாதம் வரை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். பெயில் கிடையாது. காவல் உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது.

வழக்கறிஞர்களான நாங்கள் முதலில் புரட்டுவது உத்தரவோடு தருகிற ஆவணத் தொகுப்பான புக்லெட்டைத்தான். எந்தப் பக்கம் ஜெராக்ஸில் கறுத்துக் கிடக்கிறது, எந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, குடும்பம் கொடுத்த முறையீடு எத்தனை நாள் மேஜையில் தூங்கியது என்று பார்ப்போம். ஏராளமான உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவது இந்த ஓட்டைகளால்தான். (நல்ல ஜெராக்ஸ் மெஷின் வாங்கினால் எங்கள் பிழைப்பு போச்சு என்று வக்கீல்கள் மத்தியில் கிண்டல் உண்டு.) ஆனால் உத்தரவு ரத்தாவதற்குள் பல மாதம் ஓடிவிடும். போன வேலை திரும்பி வராது.

இனி என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் பேச்சுக்கு வருகிறேன். "ரௌடிகளுக்குத்தானே சார், போடட்டுமே!" டிவியில் ஒரு குற்றச் செய்தி வந்தால் போதும், "குண்டாஸ் போடு" என்று நாமே கூவுகிறோம். சரி, யார் ரௌடி என்று முடிவு செய்வது நீங்களா? 2017ல் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப்போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மேல் இது பாய்ந்தது. அதே ஆண்டு சேலத்தில் ஒரு மாணவி மேலும் பாய்ந்தது. 2023 நவம்பரில், திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த 7 விவசாயிகள் மேல் பாய்ந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவுக்கு 2002 மார்ச்சில் ஆதரவு தந்த கூட்டணியில்தான் ம.தி.மு.க.வும் இருந்தது. ஜூலையில் அதே பொடாவில் கைதான அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ 19 மாதம் சிறையில் இருந்தார். ஆதரவு தந்த அணியில் இருந்தவரையே அடையாளம் தெரியாத சட்டத்துக்கு உங்கள் பிள்ளையை மட்டும் தெரியுமா?

மேல்மா விஷயத்தில் ஊரே கொதித்தது. ஓரிரு நாளில் 6 பேர் மீதான உத்தரவு வாபஸ் ஆனது. நல்லது. ஆனால் கோபமெல்லாம் கலெக்டரோடும் முதல்வரோடும் நின்றுவிட்டது. அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிற 234 பேரை யாரும் கேட்கவில்லை.

"கொறடா உத்தரவை மீறினால் பதவி போயிடும், எம்.எல்.ஏ. பாவம் என்ன செய்வார்?" என்பார்கள். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் ஓட்டுப் போடும் கையைக் கட்டுகிறது, உண்மைதான். வாயைக் கட்டவில்லையே! இந்தப் பிரிவு எதற்கு என்று அவையில் கேட்கலாம், திருத்தம் கொடுக்கலாம், மசோதாவை ஆராயும் செலக்ட் கமிட்டிக்கு அனுப்பச் சொல்லலாம், கட்சிக் கூட்டத்தில் முட்டிமோதலாம். 2017ல் எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது வரிசை வரிசையாகத் தலையெண்ணி 122க்கு 11 என்று அறிவித்தார்கள். நம் உடலைப் பூட்டுகிற மசோதாவுக்கு மட்டும் குரல் வாக்கெடுப்பு போதுமாம். யார் 'ஆம்' என்றார் என்று பெயரே பதிவாகாது.

கேட்டால் நடக்காது என்றும் சொல்லாதீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் விடவில்லை. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வரே அறிவித்தார்.

ஆகவே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கூட்டத்தொடர் தொடங்கும்போது என்னென்ன மசோதா வருகிறது என்று பாருங்கள். பேப்பரில் ஒரு வரியாகத்தான் வரும், தேடிப் படியுங்கள். தடுப்புக்காவல், போலீஸ் அதிகாரம், கூட்டம் கூடும் உரிமை என்று வந்தால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள், ஒப்புகையோடு. "எதிர்த்துப் பேசுவீர்களா? பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு கேட்பீர்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். அவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் வாய் திறந்தாரா என்று பிறகு பாருங்கள். நாடாளுமன்றம் என்றால் இன்னும் சுலபம்: பெயர் பதிவாகும் டிவிஷன் வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் எந்தப் பக்கம் என்று தெரியும். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவின் (UAPA) திருத்தம் 2019ல் மக்களவையில் 287க்கு 8 என்று நிறைவேறியது. அந்தப் பட்டியலில் உங்கள் எம்.பி. எங்கே இருக்கிறார் என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா?

பதில் வராவிட்டால் ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது தெருவிளக்குப் பிரச்சினையைச் சொல்வதற்கு முன்னால் அதை எடுத்து நீட்டுங்கள்.