வேலூருக்கு என்ன நிறம் போடுவது?

லாங்கு பஜார் பக்கம் இருபது வருடமாக டிடிபி, பிளக்ஸ் டிசைன் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் பென்டிரைவோடு வந்தார். வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் 1996 முதல் 2024 வரை எந்தக் கட்சி ஜெயித்தது என்று ஒரு பெரிய சார்ட். தேர்தலுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கட்சியின் நிறம்.

"கலர் எல்லாம் நெட்ல இருந்துதான் எடுத்தேன் அண்ணா. அப்படியே போட்டுக் கொடுங்க."

ஃபைலைத் திறந்ததும் கண்ணில் பட்டது பச்சை. 2004, 2009, 2014 மூன்று கட்டமும் ஒரே பச்சை. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஒரே கட்சி தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது என்றுதான். நடந்தது அதுவல்ல. 2004இல் காதர் மொகிதீன், 2009இல் அப்துல் ரகுமான்: இருவரும் முஸ்லிம் லீக்காரர்கள், திமுக கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஜெயித்தவர்கள். 2014இல் ஜெயித்த செங்குட்டுவன் அதிமுக. முஸ்லிம் லீக்கின் கொடி பச்சை. அதிமுகவுக்கு வரைபடங்களில் போடுவதும் பச்சை. ஒன்றை ஒன்று எதிர்த்து நின்ற அணிகள் அந்தத் தாளில் ஒரே கட்சி ஆகிவிட்டன. திமுக வென்ற 1996, 2019, 2024 கட்டங்களிலோ மூன்று விதமான சிவப்பு. ஒன்று செங்கல், ஒன்று குங்குமம், ஒன்று கிட்டத்தட்ட ஆரஞ்சு.

தம்பி மேல் தப்பில்லை. அந்தந்தப் பக்கத்தில் இருந்ததை எடுத்திருக்கிறார். வேட்பாளர் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் யாராவது திருத்திவிடுகிறார்கள். நிறம் தப்பினால் அழகுக்குத்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் சார்ட்டின் முன்னால் நிற்கிறவர் பெயரைப் படிப்பதற்கு முன்பே நிறத்தைப் படித்து முடித்துவிடுகிறார்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், கொடியின் நிறமும் வரைபடத்தின் நிறமும் ஒன்று என்று நினைப்பதில். திமுக கொடி மேலே கருப்பு, கீழே சிவப்பு. அதிமுக கொடியும் அதே கருப்பு சிவப்புதான், நடுவில் வெள்ளையில் அண்ணா. மதிமுக கொடியிலும் அந்த இரண்டு நிறம்தான். திராவிடர் கழகக் கொடி கருப்பு, நடுவில் சிவப்பு வட்டம். ஒரே வேரிலிருந்து கிளைத்த கட்சிகள், நிறம் அப்படித்தான் இருக்கும். கொடியைப் பார்த்து வரைபடம் போட்டால் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் ஒரே நிறமாகிவிடும். அதனால்தான் இரட்டை இலையின் பச்சை அதிமுகவுக்கும், சிவப்பு திமுகவுக்கும் என்று வழக்கம் நிலைத்தது. காங்கிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியின் பட்டைகள் காவி, வெள்ளை, பச்சை. இணையத்தில் அந்தக் கட்சிக்கு நிலைத்துவிட்ட நிறம் வானநீலம். கொடிப் பட்டைகளில் இல்லாத நிறம்! அது தவறல்ல, வழக்கம். ஆனால் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவர் வந்து, கொடியில் இல்லையே என்று காவியாக மாற்றிவிடுவார். பாஜகவோடு மோதும்.

அரசிடம் போய்க் கேட்டு முடித்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. தேர்தல் ஆணையம் 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி சின்னத்தை ஒதுக்குகிறது. கொடிக்கு ஒப்புதல் தருவதில்லை. வரைபடத்தில் எந்த நிறம் என்று சொல்வதும் இல்லை. அமெரிக்காவில்கூட இந்தக் கட்சிக்குச் சிவப்பு, அந்தக் கட்சிக்கு நீலம் என்று உறுதியாக நிலைத்தது 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு டிவியும் ஒவ்வொரு விதமாகப் போட்டது.

அப்புறம், நிறத்தைக் கண்ணால் எடுக்கிற பழக்கம். கொடிப் படத்தைத் திறந்து, ஐடிராப்பரை (படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவி) வைத்து ஒரு கிளிக். சரி, எந்தக் கொடி? கிரீன் சர்க்கிள் பக்கம் கம்பத்தில் பறக்கிற கொடியைக் காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரே துணி, இரண்டு சிவப்பு. மடிப்பில் கிளிக் செய்தால் அரக்கு, வெளிச்சம் விழுந்த இடத்தில் ரோஸ். பிளக்ஸ் பேனர் படம் என்றால் இன்னும் மோசம். நம்ம ஊர் வெயிலில் மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஸ்) மையும் மஞ்சள் மையும்தான் முதலில் வெளுக்கும். பிளக்ஸில் சிவப்பே அந்த இரண்டு மையும் சேர்ந்துதான் வருகிறது. கோடையில் கட்டிய பேனர் இரண்டு மாதத்தில் நீலம் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து எடுக்கிற நிறம் கட்சியின் நிறம் அல்ல, வெயிலின் நிறம். கடையில் நான் எப்போதும் எண்ணைத்தான் கேட்பேன். திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை என்ன மதிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் யார் கையில் போனாலும் அதே நிறம்.

விக்கிப்பீடியா மாதிரி இடங்களில் இதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கட்சியின் நிறத்தை ஒரே இடத்தில் வார்ப்புருவாக (பல பக்கங்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொது அச்சு) வைத்துவிட்டால், மற்றப் பக்கங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் ஒருவர் பட்டியலுக்குள் தன் கையால் நிறக்குறியீட்டை எழுதும்போதுதான் சிக்கல். பின்னால் வார்ப்புருவைத் திருத்தினாலும் அந்தப் பட்டியல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். மாணவரின் மூன்று சிவப்பும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். தயவுசெய்து கையால் எழுதாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதை விவாதிப்பதற்கென்று இருக்கிற உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டு மாற்றுங்கள்.

என் கையாலும் ஒரு தப்பு நடந்திருக்கிறது. 2019இல் பணம் பிடிபட்டதை அடுத்து வேலூர் தொகுதிக்கு மட்டும் தேர்தல் ரத்தானது. மே 23ஆம் தேதி முடிவு வந்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38க்கு நிறம், வேலூர் மட்டும் சாம்பல். ஆகஸ்ட் 5இல் வாக்குப்பதிவு, 9ஆம் தேதி எண்ணிக்கை. 8,141 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் கதிர் ஆனந்த் ஜெயித்தார். அந்த வருடக் கடைசியில் ஒரு பயிற்சி மையத்துக்காக நான் இணையத்தில் எடுத்த வரைபடத்தில் வேலூர் இன்னும் சாம்பலாகவே இருந்தது. கவனிக்காமல் அறுபது பிரதி அடித்தேன். வேலூரில் உட்கார்ந்துகொண்டு வேலூரையே விட்டுவிட்டேன். அத்தனையும் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து வரைபடத்தைவிட அது எந்தத் தேதி வரைக்குமானது என்பதை முதலில் பார்க்கிறேன்.

அதே தேர்தலில் தோற்ற ஏ.சி. சண்முகம் புதிய நீதிக் கட்சியின் தலைவர். 2014இல் தாமரை, 2019இல் இரட்டை இலை, 2024இல் மறுபடி தாமரை. அவர் பெயருக்குப் பக்கத்தில் சொந்தக் கட்சி நிறமா, சின்னத்தின் நிறமா? ஆணையத்தின் பதிவில் வேட்பாளர் எந்தச் சின்னத்தில் நின்றாரோ அந்தக் கட்சிதான். என் கருத்தில் முடிவுப் பட்டியலுக்கு அதுவே சரி. சொந்தக் கட்சியைக் குறிப்பில் சொல்லலாம். எதை எடுத்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதையே எடுக்க வேண்டும். 2004க்கு ஒரு கணக்கு, 2009க்கு ஒரு கணக்கு என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், ஆண்களில் அதிகம். நம் மாநில வரைபடத்தின் முக்கியமான இரண்டு நிறமும் அவைதான். நிறத்தோடு கட்சிப் பெயரையும் எழுத்தில் போடுங்கள். பாமகவுக்குப் போடுகிற மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் யாருக்குமே தெரியாது, கருப்பு எழுத்துதான் வேண்டும். தேமுதிகவுக்கும் பல இடங்களில் மஞ்சளே போடுகிறார்கள். இரண்டும் ஒரே வரைபடத்தில் வந்தால் எழுத்து இல்லாமல் முடியாது.

மாணவரோடு உட்கார்ந்து சார்ட்டைத் திரும்பப் போட்டோம், ஒன்றரை மணி நேரம் ஆனது. மூன்று சிவப்பும் ஒரு சிவப்பானது. 1998, 1999 பாமக மஞ்சளில் எழுத்து கருப்பானது. 2004, 2009 கட்டங்கள் சிவப்பு, சுற்றிலும் பச்சைக் கோடு, கீழே "முஸ்லிம் லீக், உதயசூரியன் சின்னத்தில்" என்று ஒரு வரி. 2014 மட்டும் முழுப் பச்சை. 2019 கட்டத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய சாம்பல் கட்டம் வைக்கலாமா என்று அவரே கேட்டார். வைத்தோம். அதற்குள் "ஏப்ரல் 2019, ரத்து" என்று எழுதினோம்.