டேங்க்: குளமா, தொட்டியா?

நெல்லைப் பக்கம் 'டேங்க்' என்றால் மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். வெள்ளையர் காலத்துப் பாசனப் பதிவுகளிலோ அதே சொல் விஜயநாராயணம் பெரியகுளம் போன்ற நீர்நிலைகளுக்கு வழங்கியது. கோயிலென்றால் தெப்பக்குளம், போர்ச் செய்தியென்றால் பீரங்கி வண்டி.

இது ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொல். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் 'டாங்கி' ஒரு வேர். தேங்கிய நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்த போர்த்துக்கீசிய 'டாங்கே' இன்னொன்று. இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஊர்ப்பெயர்களில் உள்ள 'தாங்கல்' என்பதும் ஏரிதான். ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக அதுவே மூலம் என்று உரிமை கொண்டாடுவது முறையல்ல.

போர் வண்டிக்கு இப்பெயர் வந்தது ஒரு மறைப்பால். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இந்த வண்டியை இரகசியமாகச் செய்தார்கள். வெளியே தெரியாதிருக்கத் தண்ணீர் கொண்டுபோகும் கலம் என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. ஈழத் தமிழர் தண்ணீர்த் தொட்டியைத் 'தாங்கி' என்கிறார்கள். ஒலியும் பொருளும் சேர்ந்து அமைந்த அருமையான ஆக்கம் அது. 'திங்க் டேங்க்' என்பதற்குச் சிந்தனைக் குழு போதும்.

இடறுவது பாசனத்தில்தான். 'டேங்க் இரிகேஷன்' என்பதைத் 'தொட்டிப் பாசனம்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் படிக்கும்போது மனம் பொறுப்பதில்லை. தொட்டி நான்கு சுவருக்குள் அடங்கியது. குளத்துக்கோ மழைநீரை ஏந்தும் உள்வாய் உண்டு, அலை அரிக்காதபடி கல் பதித்த கரை உண்டு, வயலுக்கு நீர் விடும் மடை உண்டு. மடையைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துக்கொள்ள ஊரில் ஆளும் இருந்தார். குளம் பெருகினால் மிச்ச நீர் மறுகால் வழியே அடுத்த குளத்துக்குப் போய்ச் சேரும். 'மறுகால் பாய்ந்துவிட்டதா?' என்று ஐப்பசி, கார்த்திகையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நாங்குநேரி அருகே மறுகால்குறிச்சி என்றே ஓர் ஊர் இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய் நீரால் நிரம்புவது ஒரு வகைக் குளம். வானத்தை மட்டுமே நம்பியிருப்பது மானாவாரிக் குளம். இவ்வளவையும் 'தொட்டி' எப்படிச் சுமக்கும்?

பாசனக் கட்டுரையைத் தமிழாக்குகிறவர்கள் எந்த வட்டாரத்தைப் பற்றியது என்று முதலில் பார்க்க வேண்டும். நெல்லை என்றால் குளம், மதுரை, இராமநாதபுரம் என்றால் கண்மாய், வடமாவட்டம் என்றால் ஏரி. அப்படி எழுதினால் அந்தந்த ஊர் விவசாயிக்கு உடனே விளங்கும்.