நோகான்ஃப்ளிக்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) உள்ள பழைய தளங்கள் பலவற்றின் நிரலைத் திறந்தால் நோகான்ஃப்ளிக்ட் என்ற அழைப்பு எங்காவது கண்ணில் படும். இரண்டு லைப்ரரிகளோ, ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகளோ ஒரு பெயருக்குச் சொந்தம் கொண்டாடினால், பின்னால் வந்தது அந்தப் பெயரை முன்னால் இருந்ததிடம் திருப்பித் தருவதற்கான ஃபங்ஷன் இது. அண்டர்ஸ்கோர், பேக்போன், லோடாஷ் ஆகிய லைப்ரரிகளிலும் இதே பெயரில் இருக்கிறது.

தகராறு தொடங்கியது $ குறியில். ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணத்தை வகுக்கும் எக்மாஸ்கிரிப்ட் தரத்தின், 1999-இல் வந்த மூன்றாம் பதிப்பு, மாறிகளின் பெயரில் $ வரலாம், ஆனால் அது கருவிகள் தாமாக உருவாக்கும் நிரலுக்கு மட்டுமே என்று சொல்லியிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரே எழுத்து, எழுதச் சுலபம், பார்த்தவுடன் தெரியும், யார்தான் விடுவார்கள்? 2005-இல் வந்த ப்ரோட்டோடைப் என்ற லைப்ரரி $ஐத் தன் ஃபங்ஷன் ஒன்றுக்குப் பெயராக எடுத்துக்கொண்டது. 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரியும் அதையே எடுத்தது. பக்கத்தில் உள்ள சாதாரண ஸ்கிரிப்டுகள் எல்லாம் தங்கள் பொதுப் பெயர்களை பிரவுசர் தரும் விண்டோ என்ற ஒரே இடத்தில்தான் வைக்கின்றன. அங்கே கடைசியாக எழுதியவர் கைதான் ஓங்கும்.

ஒரே ஜேகுவெரியின் இரண்டு பதிப்புகள் வரும்போது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு பக்கத்தில் 1.8 பதிப்பு இருக்கிறது, அதன்மேல் ஒரு ஸ்லைடர் ப்ளகின் (துணை நிரல்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ளகின் ஒட்டிக்கொண்டிருப்பது 1.8-இன் எஃப்என் என்ற பொருளில் (ஆப்ஜெக்ட்). அப்புறம் யாரோ சேர்த்த விட்ஜெட் ஒன்று 3-ஆம் பதிப்பைக் கூட்டி வருகிறது. இப்போது $, ஜேகுவெரி என்ற இரண்டு பெயர்களும் புதியதைச் சுட்டுகின்றன. புதியதற்கு ஸ்லைடரைத் தெரியாது. அடுத்த முறை $ வழியாக ஸ்லைடரை அழைத்தால் ‘அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்ற பிழைதான் கன்சோலில் வரும். ஸ்லைடர் கோப்பு சரியாக ஏறியிருப்பதால் தவற்றைத் தேடுகிறவருக்குத் தலை சுற்றும்.

ஜேகுவெரி ஏறும்போதே, அந்த இரண்டு பெயர்களும் அதுவரை யாரிடம் இருந்தன என்று குறித்துவைத்துக்கொள்கிறது. நோகான்ஃப்ளிக்டை வெறுமனே அழைத்தால் $ மட்டும் பழையவரிடம் போகும். உள்ளே ட்ரூ (‘ஆம்’ என்ற மதிப்பு) கொடுத்து அழைத்தால் ஜேகுவெரி என்ற பெயரும் சேர்ந்து போகும். இரண்டு பதிப்புகள் இருக்கும் பக்கத்துக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அழைப்பு திருப்பித் தரும் பொருளை வேறொரு மாறியில் பிடித்துவைத்தால் 3-ஆம் பதிப்பை அந்தப் பெயரில் பயன்படுத்தலாம். வரிசை முக்கியம்: 3-க்கான ப்ளகின்களை, பெயரைத் திருப்பித் தருவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் அவை 1.8-இல் போய் ஒட்டிக்கொள்ளும்.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தன்னுடன் தரும் ஜேகுவெரி $ஐ ஏற்கெனவே விட்டுவிட்ட நிலையில்தான் வருகிறது. வேறு தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய நிரல் அங்கே முதல் $இலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். கான்ஃப்ளிக்ட் என்பதன் மூலம் லத்தீன்: ‘சேர்ந்து’ என்ற முன்னொட்டும் ‘அடித்தல்’ என்ற வினையும் சேர்ந்தது. கணினித் தமிழில் இதற்கு முரண்பாடு என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முரண் என்றால் எதிரெதிர். முரண்தொடையில் சொல்லோ பொருளோ எதிராக நிற்கும். இங்கே எதிரும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேர் ஒரே பெயரில் வந்து இடித்துக்கொள்கிறார்கள். ஆகவே பெயர் மோதல் என்பதே பொருந்தும். லத்தீன் வேருக்கும் அது நெருக்கம்.

நோகான்ஃப்ளிக்டை மோதலின்மை என்று மாற்றினால் ஒரு நிலையைச் சொல்வதாகிவிடும். ஃபங்ஷனோ ஒரு செயல். பெயர் விடுவிப்பு என்றால் பெயர் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற எண்ணம் வரும். நம்மிடம் விட்டுக்கொடுத்தல் என்ற அருமையான சொல் இருக்கிறதே! தன் பிடியை விடுவதும், முன்பு வைத்திருந்தவருக்குக் கொடுப்பதும் இந்த அழைப்பில் உண்மையாகவே நடக்கின்றன. பெயர் விட்டுக்கொடுத்தல் என்றே எழுதலாம். ட்ரூ சேர்ந்தால் முழுப் பெயர் விட்டுக்கொடுத்தல்.

இந்தப் பெயர் இன்னொரு தவறான நம்பிக்கையையும் தடுக்கும். விட்டுக்கொடுப்பது பெயரை மட்டுமே. இரண்டு பதிப்புகளும் தனித்தனி நினைவுடன் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றின் ஆன் என்ற ஃபங்ஷன் மூலம் கட்டிய நிகழ்வை (க்ளிக் போன்றது) மற்றொன்றின் ஆஃப் என்ற ஃபங்ஷன் அவிழ்க்காது. ஒன்றில் சேமித்த டேட்டா மற்றொன்றுக்குத் தெரியாது.

2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே மாட்யூல்கள் (தனித்தனிக் கோப்புகளாக நிற்கும் நிரல் கூறுகள்) வந்தபின் பெயர் மோதலுக்கு இடம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு கோப்பும் தான் இறக்குமதி செய்வதற்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு திட்டத்துக்குள் ரியாக்ட் என்ற லைப்ரரியின் இரண்டு படிகள் (நகல்கள்) நுழைந்தால், அதன் ஹூக் என்னும் வகை ஃபங்ஷன்களின் அழைப்பு செல்லாது என்ற பிழை இன்றும் வரும். அங்கே விட்டுக்கொடுக்கப் பெயர் எதுவும் இல்லை. எனவே அதை இரட்டைப் படி என்று தனியாகச் சொல்வதே சரி. லைப்ரரி எழுதுகிறவர் ரியாக்டைத் தன்னோடு கட்டிக் கொண்டுவராமல் பியர் டிபென்டன்சியாக (பயன்படுத்துகிறவரின் திட்டமே தர வேண்டியதாக) அறிவிப்பதும், தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம்-இன் எல்எஸ் கட்டளையால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பார்ப்பதும்தான் அதற்கு வழி.