வார்டில் எல்லோருக்கும் மூச்சு 20தானா?

செவிலியர் மாணவர்கள் எழுதும் சார்ட்டைத் திருத்தத் திருத்த ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. வெப்பநிலை ஆளுக்கு ஆள் மாறுகிறது, நாடித்துடிப்பு மாறுகிறது, இரத்த அழுத்தமும் மாறுகிறது. சுவாசம் மட்டும் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை நிமிடத்துக்கு 20. நிமோனியாவில் இரைக்க இரைக்கப் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் 20, குடலிறக்க அறுவைக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கும் 20. கொஞ்சம் தயங்குபவர்கள் இடையிடையே 18, 22 என்று மாற்றி எழுதுகிறார்கள்.

ஒற்றைப்படை எண் ஏன் வருவதே இல்லை? 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் இரட்டைப்படைதான் வரும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 என்று நான்கின் மடங்குகள் தவிர வேறு கிடைக்காது. எண்ணும்போது ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். ஒரு வார்டு முழுவதும் தேடியும் 17, 19, 23 என்று எதுவும் கண்ணில் படவில்லை என்றால், அங்கே யாரும் முழு நிமிடம் எண்ணவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த நாற்று நடும் பெண். முந்தைய இரவு கூரை வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருக்கிறார். முதலில் சேர்த்த இடத்தில் வாயுத் தொல்லைக்கு ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். நிலைமை முற்றி, மூச்சுப்பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்திக்கொண்டே எங்களிடம் கொண்டுவந்தார்கள். கூடவே வந்த சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். காலை 6 மணிக்குச் சுவாசம் 20, 8 மணிக்கு 20, 10 மணிக்கு 20. பக்கத்தில் ஒரு மாணவியின் கையெழுத்தில் ‘நோயாளி உறங்குகிறார்’ என்று ஒரு குறிப்பு.

அவர் உறங்கவில்லை. இமையைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறார். “கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னாள், பேச்சும் மூக்கால் வந்தது” என்று கணவர் எங்களிடம் சொன்னார். கட்டுவிரியன் கடி. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலி பெரிதாகத் தெரியாது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் கிடைக்காது. நம் டெல்டாவில் மழைக்காலத்தில் தரையில் படுத்து எழுந்தவர் விடியலில் வயிற்றுவலி என்று வந்தால், முதலில் அவர் இமைகளைப் பாருங்கள். வென்டிலேட்டரும் விஷமுறிவு மருந்தும் கிடைத்ததால் அந்தப் பெண் பிழைத்து வீடு திரும்பினார்.

அந்த மாணவியை நேரில் பார்த்துக் கேட்டேன். “சாச்சுரேஷன் 97 இருந்தது, மேடம்” என்றார்.

எனக்குப் பொறுக்க முடியாத பதில் இதுதான். விரலில் மாட்டும் கருவி இரண்டைத்தான் சொல்கிறது: இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது (அதுதான் சாச்சுரேஷன்), நாடி எவ்வளவு. மூச்சு எத்தனை, அது ஆழமா மேலோட்டமா, நோயாளி எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நுரையீரலில் கோளாறு தொடங்கும்போது உடல் முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். நிமிடத்துக்கு 30 முறை இழுத்து 97ஐக் காப்பாற்றிக்கொண்டிருப்பவரும், 16 முறை இழுத்து 97ல் இருப்பவரும் உங்கள் சார்ட்டில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். பலருக்கு, இழுத்து இழுத்துத் தசை களைத்த பிறகுதான் அந்த எண் சரியும். சரியத் தொடங்கினால் நமக்கு அவகாசம் கிடைக்காது.

ஆக்சிஜன் வைத்துவிட்டால் இன்னும் மோசம். மூச்சுத் தசை தளர்ந்து, கரியமில வாயு வெளியேறாமல் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும்போதும், மாஸ்க் வழியாகப் போகும் ஆக்சிஜன் அந்த எண்ணை 97, 98 என்று தாங்கிப் பிடித்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். சர்க்கரை ஏறி இரத்தம் அமிலமாகிப்போன நோயாளியைப் பாருங்கள்: ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குவார், சாச்சுரேஷன் 99 காட்டும். அவருடைய ஆபத்து முழுவதும் மூச்சில் இருக்கிறது, விரல் நுனியில் ஒன்றும் தெரியாது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகச்சாயம் பூசியிருந்தாலும் அந்த எண்ணே தவறாக வரக்கூடும் என்பது வேறு. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சை எண்ணிய பிறகு மாட்டுங்கள்.

எண்ணுவது எப்படி என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எண்ணப்போவதை நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். சேலை மடிப்போ போர்வையோ மறைத்தால், பிடித்திருக்கும் கையை அப்படியே அவர் வயிற்றின் மேல் மடித்து வையுங்கள்; கை ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும். முழு ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அழும் குழந்தைக்கு எண்ணாதீர்கள், தாய் மடியில் அடங்கட்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலே அது வேகமூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

எண்ணிக்கை மட்டும் போதாத நோயாளிகள் நம் பக்கத்தில் நிறைய. பாம்புக்கடி என்று வந்தாலும், சந்தேகம் மட்டுமே இருந்தாலும், அரை மணிக்கு ஒரு முறை மூன்று காரியம் செய்யுங்கள். கூரையை இமைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், இமை இறங்குகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கி நிறுத்த முடிகிறதா? மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லுங்கள். முதலில் 30 வரை போனவர் அடுத்த முறை 20லும் அதற்கடுத்த முறை 12லும் நின்றால், சாச்சுரேஷன் என்னவாக இருந்தாலும் மருத்துவரை எழுப்பியாக வேண்டும். இன்னொன்று: கட்டுவிரியன் விஷத்தில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் அசையாமல் போகலாம், உள்ளே நினைவு முழுமையாக இருக்கும். அவர் கட்டிலருகே நின்று ‘இனி தேறாது’ என்று யாரும் பேசக் கூடாது.

பூச்சிமருந்து விஷத்துக்கும் இதே தலை தூக்கும் சோதனை வேண்டும். அந்த விஷத்துக்கு மாற்றான அட்ரோபின் மருந்து ஏறும்போது அக்குள் காய்ந்ததா என்று கையை வைத்துப் பாருங்கள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஈர ஒலி அடங்கியதா என்று கேளுங்கள். வியர்வை நின்று, தெளிந்து, வீட்டாருடன் பேசத் தொடங்கியவரை நாம் மறந்துவிடுகிறோம். விஷம் உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள்தான் சிலருக்குக் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவிக்கைக்கு மேல் ஸ்டெதாஸ்கோப் வைக்காதீர்கள்; துணி உரசும் ஒலியைத்தான் கேட்பீர்கள். திரையை இழுத்து, “அம்மா, முதுகைப் பார்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு நேராகத் தோலில் வையுங்கள். வயிற்றைத் தொட்டு அழுத்துவதற்கு முன்பே குடல் ஒலியைக் கேட்டுவிடுங்கள். மஞ்சள் காமாலையைக் குழல்விளக்கில் தேடாதீர்கள், ஜன்னல் பக்கம் திருப்பிப் பகல் வெளிச்சத்தில் வெள்ளை விழியைப் பாருங்கள். மழைக்குப் பின் வரும் காய்ச்சலில் மார்பின் அடிமடிப்பு, அக்குள், உள்பாவாடை நாடா கட்டும் இடம் ஆகியவற்றில் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள், உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. சேற்றில் நின்று வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் கெண்டைக்காலை அழுத்திப் பாருங்கள், எலிக்காய்ச்சலில் துள்ளிவிடுவார்.

“உடலைப் பரிசோதிப்பது டாக்டர் வேலை அல்லவா?” என்று இன்னும் சிலர் கேட்கிறீர்கள். நாளை நீங்கள் பணியில் சேரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே இருக்கப்போவது நீங்கள்தான்.

பிள்ளைகளே, ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தால் அடுத்த டியூட்டிக்கு வருபவராவது எண்ணுவார். பொய்யான 20ஐப் பார்த்தால் கடந்து போய்விடுவார். மூச்சு 24ஐத் தாண்டினாலோ 10க்குக் கீழே இறங்கினாலோ ஸ்டாஃப் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். ‘மூச்சுத் திணறுகிறது போலிருக்கிறது’ என்று மழுப்பாமல், ‘ஏழாம் கட்டில், மூச்சு 31, தலையைத் தூக்க முடியவில்லை’ என்று சொல்லுங்கள். “சாச்சுரேஷன் எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு 31ஐ மறுபடியும் சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் சார்ட்டில் எழுதிவிடுங்கள்.