சூட்டில் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் கம்பி

“அரை மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு போகிற போக்கில் இஞ்சின் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அங்கே நிற்பதே இல்லை.” பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நின்ற அந்த நொடியில் பெட்ரோல் போச்சா, ஸ்பார்க் போச்சா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கிளட்ச் வண்டி என்றால் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். கியரில் உருண்டுகொண்டிருக்கும்வரை சக்கரங்களே இஞ்சினைச் சுழற்றும். அப்படியிருந்தும் முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கோளாறு பெரும்பாலும் இக்னிஷன் (ஸ்பார்க்) பக்கம், குறிப்பாக இஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரில். முள் வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்கினால், பெட்ரோல் பக்கம் போங்கள்.

இந்த கிராங்க் சென்சார் ஓர் அழகான பொருள். உள்ளே ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி. எதிரே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பல்சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் கூடிக் குறைய, கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல்தான். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடமிருக்கும். இரண்டு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது.

கம்பி எபாக்சி என்ற பிசினில் புதைந்திருக்கிறது. சூட்டில் எபாக்சி செம்பைவிடச் சில மடங்கு அதிகமாக விரியும். ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டு, கம்பியில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. சூடானால் கீறல் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். சிக்னல் நின்றதை, இஞ்சினே நின்றதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்வதால் பல நேரம் கோளாறு எண்கூட (எரர் கோட்) பதிவாவதில்லை. ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்புவது சோதனையே ஆகாது.

சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றுங்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 800 ஓம் காட்டியது 100 டிகிரியில் ஏறத்தாழ 1,050 காட்டினால், அது இயல்பு. சீராக ஏறாமல் எண் குதித்தாலோ, ‘ஓபன்’ (கம்பி அறுந்திருக்கிறது) என்று காட்டினாலோ சென்சார் முடிந்தது. சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். மூன்று வயர் வருகிறதென்றால் கம்பிச் சுருளுக்குப் பதில் சிப் வைத்த ஹால் வகையாக இருக்கலாம். அதில் ஓம்ஸ் சோதனை செல்லாது.

பெட்ரோல் பக்கம் என்றால், நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரு நொடி முனகவில்லையென்றால் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயைக் கழற்றி, உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது) மட்டும் நின்றுவிடும் வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே வேக்கம் ஹோஸும் ஐடில் வால்வில் படிந்த கரியும்தான் முதல் சந்தேகம்.

புதிய சென்சார் பொருத்தும்போது அது உட்காரும் துளையைத் துடைத்துவிட்டு, காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டவில்லையே என்று பாருங்கள். வயரை சைலன்சர் பைப்பின் பக்கம் போகவிடாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.