தோற்றவர் இல்லாமல் நாக் அவுட் நகராது

"15 அணிகளை வைத்து நாக் அவுட் நடத்த முடியுமா? பாதி பாதியாக வராதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாக நடத்தலாம். 1871-இல் இங்கிலாந்தில் முதல் எஃப்.ஏ. கோப்பை கால்பந்துத் தொடருக்குப் பெயர் கொடுத்தவையே 15 அமெச்சூர் கிளப்கள்தாம்.

2, 4, 8, 16 என்ற வரிசையில் 15-க்கு அடுத்து வருவது 16. ஒன்று குறைகிறது. அதனால் ஓர் அணிக்கு முதல் சுற்றில் 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அது ஹாம்ப்ஸ்டெட் ஹீதன்ஸுக்குக் கிடைத்தது. பிறகு 8, 4, 2, 1.

மொத்தம் எத்தனை ஆட்டம்? சுற்றுச் சுற்றாகக் கூட்ட வேண்டாம். மைதானத்தின் வாசலில் நின்று, வெளியேறுபவர்களை மட்டும் எண்ணுங்கள். ஓர் ஆட்டம், ஒரு தோல்வி, ஓர் அணி வீட்டுக்கு. கோப்பை ஒருவருக்கு என்றால் மற்ற 14 பேரும் போயாக வேண்டும். ஆகவே 14 ஆட்டம். யாருக்கு யார் எதிரி என்று எப்படிக் குலுக்கிப் போட்டாலும் இது மாறாது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது. பள்ளியில் சூத்திரமாகத் திணிக்காமல் இப்படிச் சொல்லித்தரலாம்.

ஆனால் அந்த ஆண்டு சுற்றுக்குச் சுற்று நின்ற அணிகள் 15, 10, 5, 4, 2. எட்டு எங்கே போனது? டிரா ஆனால் இரு அணிகளையுமே மேலே அனுப்ப அன்றைய விதி இடம் கொடுத்தது. கிரிஸ்டல் பேலஸும் ஹிட்சினும் கோலே போடாமல் சமன் செய்து, இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போயின. தோற்றவர் இல்லையென்றால் வாசலில் எண்ண ஆளில்லை. ஆட்டத்தை அன்றே முடித்துவைக்கும் பெனால்ட்டி ஷூட் அவுட் விதிப்புத்தகத்தில் ஏறியது 1970-இல்தான்.

கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க்குக்கும் லிங்கன்ஷயரின் டோனிங்டன் பள்ளிக்கும் நடுவே தூரம் அதிகம். விளையாடாமலே இரண்டையும் மேலே ஏற்றினார்கள். அடுத்த சுற்றில் டோனிங்டன் விலகியது. அதற்கடுத்து ஒரு 'பை'. பந்தைத் தொடாமலே குயின்ஸ் பார்க் அரையிறுதியில் நின்றது! லண்டனில் வாண்டரர்ஸோடு 0-0. மறு ஆட்டத்துக்கு குயின்ஸ் பார்க்கிடம் பணம் இல்லை, விலகிவிட்டார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் இது.

1872 மார்ச் 16 அன்று கென்னிங்டன் ஓவலில், ராயல் இன்ஜினியர்ஸை 1-0 என்று வென்று வாண்டரர்ஸ் கோப்பையைத் தூக்கியது. தொடர் முழுக்க அவர்கள் ஆடி ஜெயித்தது இரண்டே ஆட்டம். இதை அதிர்ஷ்டம், ராசி என்று சொல்ல வேண்டாம். போட்டியின் விதிமுறை அப்படி எழுதப்பட்டிருந்தது. முதல் சுற்றில் ஹாரோ செக்கர்ஸ் விலகியதால் வாண்டரர்ஸுக்கு வாக் ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி வேறு கிடைத்திருந்தது. இறுதியில் அந்த ஒரே கோலைப் போட்ட மார்ட்டன் பெட்ஸ், ஆட்டக்காரர் பட்டியலில் கொடுத்திருந்த புனைபெயர் 'ஏ.எச். செக்கர்', அதாவது 'ஒரு ஹாரோ செக்கர்'.