தூக்கிவிட்டால் இடம் வந்துவிடாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன் இடது சக்கரம் டிக்கியில் கிடந்தது. வண்டிக்காரர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "நட்டெல்லாம் போன வாரம்தானே இறுக்கினேன்?"

இறுக்கித்தான் இருந்தார். சக்கரம் ஸ்பேசரோடு, அதாவது சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் (சக்கரம் உட்காரும் சுழலும் குடம்) சக்கரத்துக்கும் நடுவே வைக்கிற கனத்த தட்டோடு, சேர்ந்தே கழன்று வந்திருந்தது. அவர் இறுக்கிய ஆறு நட்டும் அந்தச் சக்கரத்தில் அசையாமல் அப்படியே இருந்தன. போனது உள்வரிசை. போல்ட் போட்டு மாட்டும் ஸ்பேசருக்கு இரண்டு வரிசை நட்டு உண்டு. உள்ளே இருப்பவை ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கின்றன, வெளியே இருப்பவை சக்கரத்தை ஸ்பேசரோடு. உள்வரிசை தளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. சக்கரத்தைக் கழற்றினால்தான் அங்கே ஸ்பேனரே போகும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாட்டியவருக்கே தெரிந்திருந்ததா என்பது என் சந்தேகம்.

ஸ்பேசர் எதற்குப் போட்டீர்கள் என்றேன். டயர் உள்பக்கம் உரசியதாம். அவ்வளவு பெரிய டயர் எதற்கு என்றேன். "அதான் ரெண்டு இஞ்ச் லிஃப்ட் பண்ணிட்டோமே, இடம் வந்துடுச்சே" என்றார்.

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வண்டி சமதரையில் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரிகிற இடைவெளி, டயருக்குக் கிடைத்த இடம் அல்ல. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிப் பம்ப் ஸ்டாப்பில் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் முட்டும்போது என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் இடம். கம்பெனி ஸ்பிரிங்கில் சக்கரம் மேலே 75 மில்லிமீட்டர் ஏறிப் பம்ப் ஸ்டாப்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்துகிறீர்கள். இப்போது சக்கரம் 125 ஏறும். ஆனால் போய் நிற்கிற இடம் எது? பழைய அதே இடம்தான். பம்ப் ஸ்டாப்பை நீங்கள் தொடவே இல்லையே! பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்து மற்றொன்று ஏறும்போது உங்கள் புது டயர் பழைய டயர் போய் நின்ற அதே பொந்துக்குள் போகிறது, பெரிய உடம்போடு. வீட்டு வாசலில் நிறுத்தி இடைவெளிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்பதில் ஒரு பொருளும் இல்லை.

பாடி லிஃப்ட் மட்டும் இதில் வேறு கதை. அது பாடியையே சேசிஸிலிருந்து தூக்குவதால் மட்கார்டு பக்கம் உண்மையிலேயே இடம் கிடைக்கும். சேசிஸ், ஸ்டியரிங் கம்பி பக்கம் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று. இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே கட்டை அச்சு இணைக்கிற வண்டியில் ஸ்பிரிங் லிஃப்ட் செய்தால் அச்சின் அடியில் தரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதைக் கூட்டுவது டயர் மட்டுமே, அதுவும் பாதிதான். 265/70 ஆர் 17 டயரின் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்) விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர் 17 போட்டால் 831. வித்தியாசம் 28, அச்சு உயர்வது 14. அந்தப் பதினாலுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

சரி, ஸ்பேசருக்கு வருவோம். அந்தப் புது டயர் அகலத்தில் 20 மில்லிமீட்டர் கூடுதல், அதில் உள்பக்கம் வருவது 10. இந்தப் பத்தைத் தவிர்க்க 38 மில்லிமீட்டர் ஸ்பேசர் போடுகிறார்கள். உள்ளே உரசுவது நிற்கிறது. ஆனால் டயரின் வெளி ஓரம் இப்போது 48 வெளியே போய்விட்டது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் அந்த ஓரம் பெரிய வட்டம் போட்டு முன்னால் பம்பர் மூலையிலும் பின்னால் மட்கார்டு மடிப்பிலும் இடிக்கும். அப்புறம் மட்கார்டை வெட்டுவார்கள். உரசல் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை உதறும், ஹப் பேரிங் மேல் பளு ஏறும்.

ஸ்பேசரே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆஃப்செட் குறைந்த ரிம், அதாவது சக்கரம் தானாகவே வெளியே தள்ளி நிற்கிற ரிம், வாங்கி டயரை அதே அளவு வெளியே தள்ளினாலும் பேரிங்குக்கு அதே வேதனைதான். "ஸ்பேசர் பேரிங்கைத் தின்னும், ரிம் தின்னாது" என்பவர்களோடு வாதாடி அலுத்துவிட்டேன். ஆனாலும் என்னைக் கேட்டால் ரிம்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத நட்டு வரிசை கிடையாது.

ஸ்பேசர்தான் போடுவேன் என்றால், ஹப்பின் நடு வளையத்தில் சரியாக உட்காரும் ஸ்பேசராகப் பாருங்கள். பழைய ஸ்டட்டிலேயே (ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பி) சும்மா செருகுகிற தட்டை ஸ்பேசரை, நீள ஸ்டட் மாற்றாமல் போடவே போடாதீர்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மில்லிமீட்டராவது மரையில் ஏறியிருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறுகிற மரை என்றால் எட்டுச் சுற்று. மூன்று சுற்றில் நட்டு இறுகிவிட்டது என்று யாராவது காட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஹப் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். நட்டின் கூம்பு, குழியின் கூம்போடு பொருந்த வேண்டும். ஏர் கன்னால் தடதடவென்று அடித்துவிட்டு "பக்கா" என்று தட்டிக்கொடுப்பது வேலை இல்லை. டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), எதிரெதிராக, வண்டிக்கும் ஸ்பேசருக்கும் கொடுத்திருக்கிற அளவில் இறுக்கணும். முதல் 100 கிலோமீட்டரில் சக்கரத்தைக் கழற்றி உள்வரிசையை மறுபடி பாருங்கள். தயவுசெய்து. மூன்று வண்டியிலும் விட்டுப்போனது இதுதான்.

டயர் வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நண்பரிடம் அதே அளவுச் சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, அச்சை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இடித்தால் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள் அல்லது சின்ன டயருக்கு இறங்கி வாருங்கள். அப்படியே அச்சு முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய்) விறைக்கிறதா என்றும் பாருங்கள். அது இழுபட்டு அறுந்தால் உரசலைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் இருக்காது.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் போவது 103க்கும் மேலே. டயரின் கனம் கூடியதால் பிரேக்கும் முன்போல் பிடிக்காது. பதிவுச் சான்று, காப்பீடு விஷயத்தை மாட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மோதிய பிறகு அல்ல.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயரை மாற்றிவிட்டுப் பின்னால் பழைய அளவு டயரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறீர்கள். அதை ஒரு பக்கம் மாட்டி, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, கெட்டித் தரையில் ஓட்டினால் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு முனகும். ஐந்தாவதையும் சேர்த்து வாங்குங்கள். அது ஸ்டெப்னி பிராக்கெட்டில் ஏறுமா என்றும் அளந்துவிட்டு வாங்குங்கள்.